இரண்டாம் எண் மரம்

தெக்லா கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது என் நாணல் பேனா ஓக் மரத்தின் உச்சிக் கிளையில் இருந்தது. சத்தத்தில் கை துள்ளி, மரத்திலிருந்து வானத்துக்கு ஒரு பழுப்புக் கோடு ஓடிவிட்டது. ஆகஸ்ட் கண்காட்சிக்காக ஆறு வாரமாக வரைந்துகொண்டிருந்த மரம்.

"ஐயோ, பாத்து வரக்கூடாதா தெக்லா? மரம் போச்சு!"

"மரமா? மரமா போச்சு? லெவினைப் புடிச்சுட்டுப் போயிட்டாங்கடா! எல்லாம் உன் மரத்தாலதான்!"

லெவின் அவளுடைய தம்பி. எனக்கு, சட்டை மாற்றிப் போட்டுக்கொள்ளும் அளவுக்கு நண்பன். லைப்சிக்கில் சட்டம் படிக்கிறான், கிறிஸ்துமஸுக்கு எங்கள் ஊர் ட்ரெஸ்டனுக்கு வந்தவன் இன்னும் திரும்பவில்லை. அரசாங்கம் மாணவர் சங்கங்களைத் தடை செய்து நாலு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நீள முடியும், கறுப்பு அங்கியும், வெல்வெட் தொப்பியும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவன் மூன்றையும் விடவில்லை. தொப்பிக்காகத்தான் ஒருநாள் மாட்டுவான் என்று நினைத்திருந்தேன்.

"என் மரத்தாலயா? நான் என்ன பண்ணேன்?"

"அவன் பெட்டியைக் கவுத்தாங்க. சாக்ஸ், கடிதம், அம்மா ஜெபப் புத்தகம். ஒண்ணுமில்ல. அப்புறம் அந்த நினைவேடு கெடச்சுது. தாளைத் தள்ளிக்கிட்டே வந்த ஆளு ஒரு பக்கத்துல நின்னுட்டான். 'இது போதும்'னான். எட்டிப் பாத்தேன். உன் பேரு."

எனக்கு எந்தப் பக்கம் என்று கேட்கவேண்டியிருக்கவில்லை.

பிரிந்து போகும் நண்பர்கள் ஒருவர் நினைவேட்டில் ஒருவர் ஒரு பக்கம் நிரப்பித் தருவது எங்கள் வழக்கம். பாட்டு வருபவன் பாட்டு எழுதுவான். நான் மரம் போடுவேன், ஆளுக்குத் தகுந்த மரம். அம்மாவை இழந்தவனுக்குத் தலை தொங்கிய வில்லோ. பாதிரியாராகப் போகிறவனுக்குப் பனியிலும் பச்சை மாறாத ஃபர். காதலில் விழுந்து எழ முடியாதவனுக்கு ஒன்றோடொன்று சாய்ந்த இரண்டு பிர்ச். லெவினுக்கு ஓக். இடி விழுந்து உச்சி ஒடிந்து பாதி செத்த கிழட்டு மரம், அதன் அடியிலிருந்து கிளம்பும் ஒரே ஒரு துளிர், துளிரில் ஏழு இலை. கீழே, 'இயற்கையைப் பார்த்து வரைந்தது, நவம்பர்' என்று என் கையெழுத்து. ஒடிந்த மரம் எங்கள் நாடு, துளிர் நாங்கள் என்று எங்கள் வயதில் யாரைக் கேட்டாலும் சொல்வான். எங்கள் வயதைத் தாண்டியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது என்பதைத்தான் நான் யோசிக்கவில்லை.

"ஏதாவது பண்ணு. நீதானே வாய் கிழியப் பேசுவ. இப்பப் போய்ப் பேசு," என்றாள் தெக்லா.

பேச வாய்ப்பு மறுநாளே வந்தது. என்னையும் கூப்பிட்டுவிட்டார்கள்.

விசாரணை அதிகாரி லோபெக் ஒல்லி, ஜலதோஷக்காரர், மரியாதையானவர். எனக்குக் காபி வரவழைத்தார். கோப்பையின் அடியில் தீட்டிய நீலப் பூ ஒவ்வோர் இதழாகத் தெரியும் அளவுக்குத் தண்ணியான காபி. நினைவேடு அவர் முன்னால் என் பக்கத்தில் திறந்து கிடந்தது.

"நல்லா வரையறீங்க. இது என்ன மரம்?"

"ஓக், ஹெர் லோபெக்."

"என்ன அர்த்தம்?"

"அர்த்தமா? ஒண்ணுமில்லீங்க. மரம்னா மரந்தான்."

அவர் மூக்கைச் சிந்தினார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நிதானமாகப் படித்தார். "'டிசம்பர் நான்கு. காபிக் கடை. பென்னோ என்ற ஓவிய மாணவன் நாற்காலியில் ஏறி நின்று, மரத்தை வெறும் மரம் என்று சொல்பவன் கழுதை என்றான். பிறகு ஒவ்வொரு மரமாக விளக்கினான். ஃபர், விசுவாசம். வில்லோ, துக்கம். ஓக், சுதந்திரம்...'" தாளைத் திருப்பினார். "பன்னெண்டு மரம் வரைக்கும் எழுதியிருக்கான் நம்ம ஆளு. அப்புறம் தூங்கிட்டான் போல."

என் காது சூடாகியது. அன்றைக்கு ஒரு மூலையில் ஒருவர் தூங்கியது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவரை எழுப்பி ஆல்டர் மரத்தைப் பற்றி வேறு சொன்னேன்.

"அது வேற, இது வேற. இது நெஜ மரம். காட்டுல இருக்கு. கீழ எழுதியிருக்கேன் பாருங்க, இயற்கையைப் பாத்து வரைஞ்சது."

"நவம்பர்ல துளிரா?"

"கொஞ்சம்... வெதுவெதுப்பான நவம்பர்."

அவர் சிரிக்கவில்லை. விரலால் துளிரைத் தொட்டார். "சரி. எனக்கு ரெண்டே வழிதான். இப்படி ஒரு ஓக் காட்டுல நெஜமாவே இருந்தா இது ஒரு காட்சி, உங்க நண்பர் ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுல இருப்பார். இல்லேன்னா இதை யாரோ உக்காந்து யோசிச்சு உண்டாக்கியிருக்காங்க. யோசிச்சவருக்கு ஒரு கூட்டம் இருக்கும், கூட்டத்துக்கு ஒரு பேர் இருக்கும். அதைச் சொல்ற வரைக்கும் ஹெர் லெவின் கோட்டைச் சிறையில இருப்பார். போன வாரம் ஒருத்தருக்கு அஞ்சு வருஷம் போட்டாங்க. அவர்கிட்ட கெடச்சது ஒரு பாட்டு மட்டும்."

"நாளைக்கே காட்டறேன்! இப்பவே வேணும்னாலும் வாங்க!"

அன்று இரவு என்னால் உட்காரவே முடியவில்லை. மரம் இருக்கிறது, நன்றாகத் தெரியும். நவம்பரில் பார்த்தேன், அடையாளமாகப் பக்கத்தில் ஒரு எல்லைக்கல்கூட உண்டு. அப்புறம் எது உறுத்துகிறது என்று தெரியாமல் அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

காலையில் நகருக்கு வடக்கே காட்டுக்குள் நான்கு பேர் போனோம். நான், லோபெக், வனக்காவலர் கெர்லாக், வரக்கூடாது என்று சொல்லச் சொல்ல வந்த தெக்லா. முழங்கால் பனி. கெர்லாக் வாயில் புகைக்குழாயோடு முன்னால் போனார். லோபெக் பத்தடிக்கு ஒருமுறை தும்மினார்.

"இன்னும் எவ்வளவு தூரம்?"

"இதோ, அந்த வளைவுதான்." மூன்று வளைவுக்கு இதையே சொன்னேன்.

நாலாவது வளைவில் எல்லைக்கல் தெரிந்தது. அதைத் தாண்டி என் மரம். ஒடிந்த உச்சி, இடி கீறிய நீளத் தழும்பு, அடியில் பனியைக் குத்திக்கொண்டு கிளம்பிய குச்சிகள்கூட. நான் ஓடினேன். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன்.

"இதோ! பாருங்க! தழும்பைப் பாருங்க! துளிரு, துளிரு பாருங்க! தெக்லா, சொன்னேன்ல?"

தெக்லா ஓடிவந்து என் முதுகில் ஒரு குத்து விட்டாள். கண்ணில் தண்ணீர். "பொழச்சடா நீ!"

லோபெக் நினைவேட்டை விரித்துப் பிடித்து மரத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தலையாட்டினார். பிறகு ஏட்டைக் கெர்லாக்கிடம் நீட்டினார். கெர்லாக் குழாயை எடுத்து, படத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்து, மரத்தடியில் குனிந்து ஒரு குச்சியை ஒடித்தார்.

"மரம் இதுதான். சந்தேகமேயில்ல. ஆனா தம்பி போட்டிருக்கறது ஓக்கு. இது லிண்டன்."

எங்கோ கிளையிலிருந்து பனி சரிந்து விழுந்தது.

"லிண்டனா?" என்றேன். "நல்லாப் பாருங்க."

"நாப்பது வருஷமாப் பாக்கறேன்."

லோபெக் குறிப்பேட்டைத் திறந்தார். "ஆக, காட்டுல லிண்டன். ஊர்க்கூத்துக்கும் காதலுக்கும் ஆன மரம், இல்லையா ஹெர் பென்னோ? உங்க பட்டியல்ல நாலாவது. தாள்ல ஓக். நடுவுல மாத்துனது யாரு? எதுக்கு?"

அப்போதுதான் ராத்திரி எது உறுத்தியது என்று புரிந்தது. அந்த நவம்பர் சாயங்காலம் கை விறைத்துப்போய் மூன்றே நிமிஷம்தான் இங்கே நின்றேன். தண்டை மட்டும் கிறுக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். இலையெல்லாம் அடுப்படியில் போட்டது. பார்க்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை. எங்கள் ஓவியப் பள்ளியில் முதல் வருஷம் மாதிரித் தாளைப் பார்த்து இலை பழக்குவார்கள். ஓக் இலை என்றால் மூன்று என்ற எண்ணைப் படுக்கப்போட்டு அடுக்க வேண்டும். அதில் எனக்குத்தான் முதலிடம். எட்டு வருஷமாக எந்தத் தண்டு கிடைத்தாலும் அந்த மூன்றுகளை மாட்டிவிட்டு, நான் போட்டது ஓக்காகத்தான் இருக்கும் என்று இருந்துவிட்டேன்.

"யாரும் மாத்தல," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "எனக்குத் தெரியாது."

"என்ன தெரியாது?"

"ஓக் எதுன்னு. மரத்தைப் பாத்தா. தாள்ல தெரியும். காட்டுல... தெரியாது."

"என்னது?" என்றாள் தெக்லா.

கெர்லாக் புகையை விழுங்கி இருமினார். சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை. "இத்தனை வருஷம் வரையப் படிச்ச புள்ளையா இது? என் கழுதைக்கு ஓக்கு தெரியும். நிழல் தேடி அதுக்கடியிலதான் நிக்கும்."

லோபெக் மட்டும் சிரிக்கவில்லை. "நல்ல பதில். இதைவிட நல்ல பதிலை நான் கேட்டதேயில்ல. அதனாலதான் நம்ப முடியல." சுற்றிலும் பார்த்தார். "கெர்லாக், அஞ்சு மரத்துக்கு நம்பர் போடுங்க. ஒண்ணு ஓக்கா இருக்கட்டும். இலை கிலை ஒட்டியிருந்தா உதுத்துடுங்க."

கெர்லாக் சுண்ணக்கட்டியோடு போனார். ஒரு மரத்தில் தொங்கிய சருகுகளைக் கம்பால் தட்டியபோது லோபெக் என்னை எதிர்ப்பக்கம் திருப்பி நிறுத்தினார். தெக்லா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டேய், நெஜமாவே தெரியாதா?"

"தெரியாது."

"அப்ப பயமில்ல. வாய்க்கு வந்ததைச் சொல்லு."

"வாய்க்கு வந்தது ஓக்கா இருந்துட்டா?"

அவள் முகம் வெளுத்தது.

லோபெக் கூப்பிட்டார். "ஹெர் பென்னோ, ஓக்கைக் காட்டுங்க. சரியாக் காட்டுனா, உங்களுக்கு மரம் தெரியும், தெரிஞ்சேதான் மாத்துனீங்க. தப்பாக் காட்டுனா, பாப்போம்."

ஐந்து மரங்கள். இலை இல்லை, பூ இல்லை, காய் இல்லை. ஐந்தும் எனக்கு ஐந்து கம்பங்கள். தெரியாதவன் என்று நிரூபிக்க நான் தப்பாகச் சொல்ல வேண்டும். தப்பு எது என்று தெரிய வேண்டுமானால் சரி எது என்று தெரிந்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு காட்டினால் ஐந்தில் ஒரு பங்கு லெவினுக்குக் கோட்டை. ஐந்தில் ஒன்று என்பது எவ்வளவு பெரியது என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

"அவசரமில்ல," என்றார் லோபெக்.

வேறு வழியில்லாமல் நான் பார்த்தேன். எது எதைக் குறிக்கிறது என்று இல்லாமல், எது எப்படி இருக்கிறது என்று. ஐந்தாவது சாம்பல் நிறம், தேய்த்த கல் மாதிரி வழவழப்பு. ஒன்றாவது மெலிசு, பட்டையெல்லாம் சின்னச் சின்னச் செதில். மூன்றாவது ஒரே பக்கமாகச் சாய்ந்த முதுகு. இரண்டாவதில் கண் நின்றது. அதன் கிளைகள் ஒழுங்காகப் போகவே இல்லை. கொஞ்ச தூரம் போய் முழங்கை மாதிரி மடங்கி, மறுபடி மடங்கி, சண்டைக்காரன் கை நீட்டுவதுபோல் நீண்டன. நுனிகளில் மொட்டுகள் இரண்டும் மூன்றுமாகக் கொத்தாக மூடிய முஷ்டி. மாதிரித் தாளில் இலைக்கு அடியில் மறைந்துகிடக்கும் அந்த எலும்புக்கூட்டை நான் ஆயிரம் தடவை கோடு போட்டிருக்கிறேன். இரண்டாவதுதான். எட்டு வருஷத்தில் முதல்முறையாக ஓர் ஓக் மரத்தைப் பார்த்தேன், அதைப் பார்த்தேன் என்று வாயைத் திறந்து சொல்லக்கூடாது.

எல்லாவற்றையும்விட அந்தக் கணம்தான் கஷ்டம். கை தானாக எழுந்தது. இரண்டு, இரண்டு என்று கத்த வேண்டும்போல் இருந்தது. எழுந்த கையை மூக்கைத் துடைக்க வைத்தேன்.

இனி தப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வழவழப்பான ஐந்தைக் காட்டினால் குழந்தைகூட நம்பாது, நடிக்கிறான் என்று தெரிந்துவிடும். நான் திரும்பி இடி விழுந்த என் மரத்தையே பார்த்தேன். அடியில் கிளம்பிய குச்சிகள் சிவப்பு, வளைந்து வளைந்து போயின, வளைவுக்கு ஒரு பருத்த மொட்டு. இதை ஓக் என்று நம்பிய முட்டாள் இன்றும் எதை ஓக் என்று சொல்வான்? இதன் உறவுக்காரனைத்தான். நான்காவது மரத்தின் தாழ்ந்த குச்சிகளில் அதே சிவப்பு, அதே வளைவு.

நேராக நாலாவதிடம் போய்த் தட்டினேன். "இதுதான். சந்தேகமேயில்ல. நான் வரைஞ்சதும் இதே ஜாதி. ஆக, அதுவும் ஓக்தான். கெர்லாக்குதான் தப்பு!"

கெர்லாக் பனியில் உட்கார்ந்தேவிட்டார். அவருக்கு மூச்சு வரவில்லை. "லிண்டன்! மறுபடியும் லிண்டன்! ஹெர் லோபெக், இவன் நெஜம்தான், இவன் தங்கம்!"

லோபெக் நடந்து வந்து என் எதிரில் நின்றார். அவர் கண் என் கண்ணை விட்டு நகரவில்லை.

"தெரியாததைச் சொல்றதுக்கு ரொம்ப நேரம் பாத்தீங்க."

"தெரியாததாலதான் பாத்தேன்."

அவர் தும்மினார். கைக்குட்டையை மடித்தார். "எங்கிட்ட இருவத்திமூணு வழக்கு இருக்கு. எல்லாத்துலயும் யாராவது ஒரு அம்மா அழறாங்க. ஒண்ணையாவது சிரிச்சுக்கிட்டு மூடறேன்." கெர்லாக்கின் முதுகை மேசையாக்கி எழுதினார். படித்துக் காட்டினார்: "'சாட்சி எட்டு ஆண்டுகள் நிலக்காட்சி ஓவியம் பயின்றவர். ஓக் மரத்தை அடையாளம் காணத் தெரியாதவர். படத்தில் உள்ள மரம் அறியாமையால் நேர்ந்தது.' கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். படத்தின் கீழ் போடுவதுபோல், வால் சுழித்து.

கெர்லாக்கின் வாய்க்குப் பூட்டு கிடையாது. சனிக்கிழமைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. பள்ளியில் என் மேசைமேல் ஒரு துடைப்பம் நின்றது, கழுத்தில் சீட்டு: இது என்ன மரம்? காய்கறி விற்கிறவள்கூட முள்ளங்கியைத் தூக்கிக் காட்டி, "ஓக்கா தம்பி?" என்றாள். பேராசிரியர் ஹார்ட்விக் என் பெரிய படத்தைக் கண்காட்சிப் பட்டியலிலிருந்து அடித்தார். "கோபம் இல்லப்பா. ஆனா அதுக்கு முன்னால நின்னு யாரும் அழமாட்டாங்க இனிமே. பீங்கான் தட்டுல பூ வரையப் போயேன். பூவாவது தெரியுமா?" என்று நிஜமான அக்கறையோடு கேட்டார்.

ஒவ்வொரு தடவையும் நாக்கு நுனியில் இரண்டாம் எண் வந்து நின்றது. லெவின் வரட்டும், அவனிடம் மட்டும் சொல்லிவிடலாம் என்று பொறுத்துக்கொண்டேன். அவன் ஒருவனுக்குத் தெரிந்தால் போதும்.

நான் கையெழுத்திட்ட தாள் மேசை மேசையாக ஏறி இறங்கி, பதினேழாம் நாள்தான் அவனை விட்டார்கள். நான் ஓடினேன். சமையலறையில் நின்றபடியே உருளைக்கிழங்கும் தயிர்க்கட்டியும் தின்றுகொண்டிருந்தான். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். காது பெரிதாகத் தெரிந்தது.

"வாடா லிண்டன்," என்றான். சிரிக்கவில்லை.

"லெவின்..."

"உன் வாக்குமூலத்தை உள்ள படிச்சுக் காட்டுனாங்க. மூணு தரம். காவக்காரன் அவன் பொண்டாட்டியைக் கூப்பிட்டு அவளுக்கும் படிச்சான். சிரிச்சுக்கிட்டே பூட்டைத் தொறந்தாங்கடா."

"தொறந்தாங்கல்ல? விடு."

"பதினேழு நாள் வாயைத் தொறக்கல நான். ஒத்த வார்த்தை. எப்படி முடிஞ்சுது தெரியுமா? அந்தப் பக்கம் கண்ணுக்குள்ளயே இருந்துச்சு. அந்த ஆளு கேள்வி கேக்கறப்பல்லாம் இலையை எண்ணுவேன். ஒண்ணு, ரெண்டு... ஏழு. மறுபடி ஒண்ணு. நம்ம மரம், நம்மளைக் காட்டிக்குடுக்காதுன்னு." கிழங்கை வைத்துவிட்டான். "கடைசில என்னைக் காப்பாத்துனது, நீ ஒரு மடையன்னு ஒரு தாளு. உள்ள இன்னும் ஆறு பேர் இருக்காங்கடா. நான் வெளிய வர்றப்ப ஒருத்தன்கூட என் மூஞ்சியைப் பாக்கல."

தெக்லா கரண்டியோடு திரும்பினாள். "வந்துட்டல்ல? சாப்பிடு."

"இரு அக்கா. பென்னோ, நான் ஒண்ணு கேக்கறேன். அஞ்சு மரம் நிக்க வெச்சாங்களாமே. உனக்கு அதுல ஓக்கு தெரிஞ்சுதா, தெரியலையா? நெஜத்தைச் சொல்லு. தெரிஞ்சுதான் பொய் சொன்னேன்னா, வா, இப்பவே போய் அந்த லோபெக் மூஞ்சிக்கு நேரா சொல்லுவோம். தெரிஞ்சுதான் வரைஞ்சோம்டான்னு. திரும்ப உள்ள போடட்டும். ரெண்டு பேரும் போவோம். தலை நிமிந்து போவோம்!"

அவன் அங்கியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டே பேசினான். அவன் விளையாடவில்லை. நான் ஆமாம் என்றால் அடுத்த நிமிஷம் தெருவில் இருப்பான்.

தெக்லா அசையவில்லை. கரண்டியிலிருந்து கஞ்சி தரையில் சொட்டியது.

"தெரியல," என்றேன்.

"ஒரு மரம்கூடவா?"

"ஒரு மரம்கூடத் தெரியலடா."

அவன் என்னையே பார்த்தான். கோபம் மெல்ல வடிந்து, அந்த இடத்தில் நான் அவன் முகத்தில் பார்த்தே இராத ஒன்று வந்தது.

"பாவம்டா நீ," என்றான்.

அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினான். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, மிச்சக் கிழங்கைத் தின்ன ஆரம்பித்தான். தெக்லா எனக்கும் ஒரு நாற்காலியைக் காலால் தள்ளினாள். நான் கதவோரமாக நின்றுகொண்டே இருந்தேன். உட்கார்ந்தால் சொல்லிவிடுவேன் என்று பயமாக இருந்தது.